ஆறுமுகசாமி பட்டம் கட்ட மறுத்த கதை

ஆறுமுகசாமிக்கு உருப்படியாகத் தெரிந்தது குளிர் ஒன்றுதான். மைசூரில் பன்னிமண்டபம் பக்கத்து ஐஸ் ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் ஆபரேட்டர். மற்ற எல்லாவற்றிலும் அவனுக்கு அபிப்பிராயம் மட்டும் இருந்தது. எந்த ஹோட்டலில் நேற்றுச் சட்னிக்கு இன்று தாளிப்பார்கள், எந்தச் சாமி வேண்டுதலை வாங்கிக்கொண்டு கம்மென்று இருந்துவிடும் என்று யாரும் கேட்காமலே சொல்வான். வாரம் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவான். ஒரு தடவைகூட விழுந்ததில்லை, ஒரு தடவைகூட நம்பிக்கை குறைந்ததில்லை.

நான் சரஸ்வதிபுரத்தில் ஒரு சின்ன லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவன். விஜயநகரில் வாடகை வீடு. வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜ் உண்டு. இந்தக் கதைக்கு என்னைவிட அந்த ஃப்ரிட்ஜ் முக்கியம்.

தொண்ணூற்று மூன்று தை மாதம் அவனும் அவன் மனைவி சொர்ணலதாவும் பத்து மாசக் குழந்தையோடு லேபுக்கு வந்தார்கள். பெண் குழந்தை, பெயர் ரூபா. காதுக்குப் பின்னால் ஒரு கட்டி, வாயெல்லாம் புண், இரண்டு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல். இதற்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, தொப்புள் புண்ணாகி, ஒரு மாசம் முடிவதற்குள் போய்விட்டான் என்று சொர்ணலதா சொன்னாள். திருஷ்டி என்று ஊரில் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது ஆறுமுகசாமி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதெல்லாம் எண்ணுவதற்கு மிஷின் கிடையாது, என் கண்தான் மிஷின். கண்ணாடித் துண்டில் ரத்தத்தை இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து, கண்ணில் படுகிற வெள்ளையணுக்களில் நூறை இனம் பிரித்து எண்ண வேண்டும். அதில் நியூட்ரோஃபில் என்று ஒரு சாதி. கிருமி நுழைந்தால் முதலில் ஓடிப் போய் அடிபட்டுச் சாகிற சாதி, சீழ் என்பதே அவர்களின் பிணம்தான். குழந்தைக்கு நூறில் முப்பதாவது இருக்க வேண்டும். எனக்கு இரண்டு கிடைத்தது.

சாயத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுபடி போட்டேன். இந்தத் தடவை ஒன்று. வெளியே வந்து, இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும் என்றேன்.

ஆறுமுகசாமி எழுந்து நின்றான். “ஏனுங்க சார், கொசுகூட ஒருக்காக் கடிச்சா நவுந்து போயிருமுங்க” என்றான்.

எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் எனக்கு அவன் வைத்த பெயர் ‘ரத்தக்கார சார்’.

என் ரிப்போர்ட்டைப் பார்த்த குழந்தை டாக்டர் நஞ்சுண்டசாமி, குழந்தையைப் பெங்களூருக்கு அனுப்பி எலும்பு மஜ்ஜையைப் பார்க்கச் சொன்னார். பத்து நாளில் விடை வந்தது. மஜ்ஜையில் நியூட்ரோஃபில் உருவாக ஆரம்பிக்கிறது, பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகிறது, ஒன்றுகூட முழுசாகி வெளியே வருவதில்லை. பிறவியிலேயே வருகிற வியாதி, லட்சத்தில் ஒரு குழந்தைக்குத்தான் வரும் என்றார் டாக்டர். கூடப் போயிருந்த நானும் ஆறுமுகசாமியும் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினோம். ஆறுமுகசாமிதான் முதலில் புரிந்துகொண்டவன். ஐஸ் டப்பாவில் ஊற்றின தண்ணீர் கூழாகிக் கூழாகி நிற்கிறது, பாளமாகி லாரி ஏற மாட்டேன் என்கிறது, அவ்வளவுதானே என்று கேட்டான். டாக்டர் கொஞ்சம் யோசித்து, அவ்வளவுதான் என்றார்.

பிறகு டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்துக் குடும்பப் படம் வரைய ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மனைவியின் அம்மா யார் என்று கேட்டார். என் அக்கா நாச்சம்மாள் என்றான் ஆறுமுகசாமி. அக்கா என்றால் முறைக்கு அக்காவா என்று கேட்டார். ஒரே வயிற்றில் பிறந்த அக்கா என்றான். கொள்ளேகால் பக்கம் அவர்கள் வீடுகளில் அக்கா மகள் தாய்மாமனுக்கு உரிமைப் பெண். பிறந்த அன்றே சொல்லி வைத்துவிடுவார்கள். டாக்டர் போட்ட கோடு மேலே ஏறி, பக்கவாட்டில் போய், கீழே இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

அதற்கப்புறம் அவர் சொன்னது இது. நம் உடம்பில் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. இரண்டும் பழுதானால்தான் வியாதி. ஆறுமுகசாமியின் அம்மாவிடமோ அப்பாவிடமோ அந்தப் பழுது ஒன்று இருந்திருக்கிறது. அது அவனுக்கும் வந்து, அவன் அக்காவுக்கும் போய், அக்கா வழியாக அவன் மனைவிக்கும் இறங்கியிருக்கிறது. இருவரும் வெளியில் கட்டியிருந்தால் இரண்டு பழுதும் சந்தித்திருக்காது. எந்த ஜீன் என்று யாருக்கும் தெரியவில்லை, வெளிநாட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்கள், பார்த்துச் சொல்ல டெஸ்ட் எதுவும் கிடையாது. இவர்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து.

இதையெல்லாம் சொன்ன டாக்டரே மாமன் மகளைக் கட்டியவர். எனக்கு அது பின்னால்தான் தெரியும். அதற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடாது என்பதால் ஆறுமுகசாமியிடம் அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரைக் கேலி செய்தே கொன்றிருப்பான்.

முதல் ஒன்றரை வருஷம் ஆன்டிபயாட்டிக்கும் ஆஸ்பத்திரியுமாகப் போனது. பிறகு ஜி.சி.எஸ்.எஃப். என்ற ஊசி மருந்து இங்கே கிடைக்க ஆரம்பித்தது. தினமும் ஒரு ஊசி, தொடையில், தோலுக்கு அடியில். கூழாக நிற்பதைப் பாளமாக்கி வெளியே தள்ளுகிற மருந்து. டாக்டர் அலைந்து ஒரு டிரஸ்டைப் பிடித்தார். பெங்களூரில் அவர்கள் சனிக்கிழமைதோறும் ஏழு குப்பி தருவார்கள், பெயர் பதிந்த ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆறுமுகசாமியால் போக முடியாது. மறுநாள் ஞாயிறு, மீன் கடைகளுக்கு ஐஸ் போகிற நாள், சனிக்கிழமை லீவு கேட்டால் வேலையையே விட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். அவன் தம்பி முரளிதரன்தான் முன்வந்தான். கொள்ளேகாலில் பட்டு வியாபாரம், பெங்களூருக்கு எப்படியும் வாரா வாரம் போகிறவன். டிரஸ்டின் நோட்டில் அவன் பெயர் ஏறியது.

முதல் சனிக்கிழமை ஃப்ளாஸ்க்கில் ஏழு குப்பி வந்து இறங்கியது. மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். குளிர் என்று ஆறுமுகசாமியிடம் சொல்லலாமா? தன் மகளின் மருந்துக்கு மைசூரிலேயே உயர்ந்த மரியாதை செய்ய வேண்டும் என்று தீர்மானித்து, குப்பிகளைத் துணியில் கட்டி, பாளம் உறைய வைக்கிற உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட்டான். மறுநாள் காலையில் ஏழும் கல். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே போகக் கூடாது, உறைந்த மருந்தை நம்பி ஊசி போட முடியாது, அத்தனையும் வீண். வாழ்நாளில் ஒருமுறைகூட ஐஸ் செய்து யாரிடமும் திட்டு வாங்கியிராத ஆறுமுகசாமி அன்று வாங்கினான். அந்த ஒரு வாரம் ரூபாவின் வாய்ப்புண்ணைப் பார்த்துக்கொண்டு அவன் சாப்பிடவில்லை. லாட்டரிச் சீட்டும் வாங்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து மருந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டுக்கு வந்தது. என் மனைவி அந்தத் தட்டிலிருந்த தோசை மாவை வெளியேற்றினாள். கரண்ட் போனால் ஆறுமுகசாமி சைக்கிளில் ஐஸ் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். உப்பு போட்டால் குளிர் ஏறிவிடும், வெறும் ஐஸும் தண்ணீருமாக, குப்பியில் படாமல் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்துவான். தினமும் சாயங்காலம் சொர்ணலதா ரூபாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். நான் இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தேன், மூன்றாவது வாரத்திலிருந்து அவளே போட்டாள். வலது தொடை ஒரு நாள், இடது தொடை ஒரு நாள். ரூபா பேச ஆரம்பித்ததும் ஊசி இறங்கும்போது கன்னடத்தில் எண்ணுவாள். ஒந்து, எரடு, மூரு. ஐது வருவதற்குள் முடிந்துவிடும். முடிந்துவிட்டாலும் ஹத்து என்கிற பத்து வரைக்கும் எண்ணாமல் விட மாட்டாள்.

மாதம் ஒருமுறை நான் அவள் ரத்தத்தை எண்ணுவேன். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நூறும் நூற்றைம்பதுமாக இருந்த நியூட்ரோஃபில் கணக்கு எண்ணூறு, ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று ஏறியது. கட்டி நின்றது, வாய்ப்புண் ஆறியது, குழந்தை சதை போட்டாள். அவர்கள் வீட்டில் அதற்கு மார்க் என்று பெயர். ஆயிரம் தாண்டினால் ரூபாவுக்குத் தேங்காய் பிஸ்கட். ஐநூறுக்குக் கீழே போனால் ஆறுமுகசாமி என்னை, நான் சரியாக எண்ணவில்லை என்று திட்டுவான்.

தொண்ணூற்று ஆறில் அந்தக் கல்யாணப் பேச்சு வந்தது. முரளிதரனுக்கு நாச்சம்மாளின் இரண்டாவது மகள் வினிதா. அதாவது தம்பிக்கும் அக்கா மகள், அண்ணன் மனைவிக்குத் தங்கை. சின்ன வயசிலேயே முடிவான விஷயம், இரண்டு பேருக்கும் ஆசை. பெங்களூரிலிருந்து மருந்து வரும்போதெல்லாம் வினிதாவுக்கு வளையலும் வரும். ஒருமுறை ஃப்ளாஸ்க்கைத் திறந்தபோது குப்பிகளுக்கு நடுவே ஒரு டஜன் கண்ணாடி வளையல் இருந்தது. உடையாமல் இருக்க அங்கே வைத்தானாம்.

ஆறுமுகசாமி என்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனான். டாக்டர் பழைய படத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். நாச்சம்மாளிடம் பழுது நிச்சயம் இருக்கிறது. அது வினிதாவுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. முரளிக்கும் பாதிக்குப் பாதி. இரண்டு பேருக்கும் வந்திருந்தால் குழந்தைக்கு நாலில் ஒன்று. எல்லாம் சேர்த்துப் பதினாறில் ஒன்று. கல்யாண வீட்டில் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று அட்சதை போடுகிறோமே, அதே பதினாறு. வெளியில் கட்டினால் இந்த ஆபத்து அநேகமாக இல்லவே இல்லை. வேண்டாம் என்று சொல்ல நான் யார், தெரிந்ததைச் சொல்லிவிட்டேன் என்றார்.

ஆறுமுகசாமி முதலில் தம்பியிடம் தனியாகப் பேசிப் பார்த்தான். முரளி சிரித்தானாம். வந்தால் ரூபா மாதிரி வரட்டும் அண்ணா, நமக்குத்தான் ஊசி போடத் தெரியுமே என்றானாம். இதை என்னிடம் சொல்லும்போது ஆறுமுகசாமி சிரிக்கவில்லை. அந்த டிரஸ்ட் நோட்டில் இருப்பது யார் கையெழுத்து என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தம்பி முகம் திருப்பிக்கொண்டால் அடுத்த சனிக்கிழமை ஃப்ளாஸ்க் வராது. எட்டு நாள் ஊசி இல்லாமல் போனால் ரூபாவின் மார்க் எங்கே போய் நிற்கும் என்று அவன் என்னைக் கேட்டான். பழைய இடத்துக்கு என்றேன்.

உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்கிற நாளில் என்னையும் கொள்ளேகாலுக்குக் கூட்டிப் போனான். டாக்டர் எழுதின காகிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். கூடத்தில் ஒரு பக்கம் மாப்பிள்ளை வீடு, எதிர்ப்பக்கம் பெண் வீடு. இவனை எங்கே உட்கார வைப்பது என்று யாருக்கும் புரியவில்லை. அப்பா இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு அண்ணன், ஆகவே தட்டைக் கொடுக்க வேண்டியவன். பெண்ணுக்குத் தாய்மாமன், ஆகவே வாங்கும் பக்கத்திலும் அவன்தான் முன்னால் நிற்க வேண்டும். போதாததற்குப் பெண்ணின் அக்காவுக்குப் புருஷன். ஒரு பெரியவர், கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் ஓடிப் போய் வாங்கிக்கொள்ளப்பா என்று யோசனை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஆறுமுகசாமி இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அண்ணனாக் கேட்டாலும் வேண்டாம், மாமனாக் கேட்டாலும் வேண்டாம், மூத்த மருமகனாக் கேட்டாலும் வேண்டாம்” என்றான். “நா பட்டம் கட்ட மாட்டனுங்க.”

யோசனை சொன்ன பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். இது ஏன் அவ்வளவு பெரிய வார்த்தை என்று சொல்ல வேண்டும். அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டினால்தான் பெண் மணவறை ஏறலாம். நாச்சம்மாளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் கட்ட மாட்டேன் என்கிறான். இன்னொருவன் மாப்பிள்ளை. தன் கல்யாணத்துக்குத் தானே மாமனாக நின்று பட்டம் கட்டினவன் எந்த ஊரிலும் கிடையாது. அக்கா மகளைக் கட்டுகிற அதே வழக்கம் அக்கா மகளைக் கட்ட விடாமல் செய்யும் என்று அந்தக் கூடத்தில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

நான் காகிதத்தைப் படித்தேன். யாரும் கேட்கவில்லை. நாச்சம்மாள் மட்டும் கடைசிவரை கேட்டாள், நல்ல புத்திசாலி. பதினாறில் ஒன்று என்றால் பதினைந்து நன்றாகத்தானே இருக்கிறது, எந்தப் பரீட்சையில் பதினாறுக்குப் பதினைந்து வாங்குகிறார்கள் என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமாகவே எனக்குப் பட்டது. நான் காகிதத்தை மடித்தேன்.

ஆறுமுகசாமியிடம் பதில் இருந்தது. “லச்சத்துல ஒண்ணு எனக்கு விழுமுன்னு வாரா வாரம் சீட்டு வாங்குற மடையன் நானு. பதினாறுல ஒண்ணு விழாதுன்னு எப்பிடிக்கா நம்பறது?” என்றான். பிறகு தம்பி பக்கம் திரும்பினான். “நீ ரூபாவப் பாத்தவன். நா மூத்தவனப் பாத்தவன். தொப்புள்ல ஆரம்பிச்சு நாலு நாளு. எங் கையில வெச்சுட்டு இருக்கறப்பவே சூடு எறங்கிருச்சு. குளுருன்னா என்னன்னு எனக்குத் தெரியும்டா.”

அக்கா அழுதாள். ஒரு மகளைக் கட்டிக்கொண்டு, இன்னொரு மகளைப் பழுது என்கிறானே என்று அழுதாள். வினிதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முரளி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கேயோ போய்விட்டான். உப்பும் சர்க்கரையும் தட்டிலேயே இருந்தது. எங்களுக்கு யாரும் சாப்பாடு போடவில்லை. பஸ் ஸ்டாண்டில் நான் வாங்கிக் கொடுத்த வாழைப்பழத்தையும் சொர்ணலதா தொடவில்லை.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் வைத்து அவள் வாயைத் திறந்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்து, ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அன்னிக்கே டாக்டரு வந்து சொல்லியிருந்தா, என்னையும் வேண்டாமுன்னு இருப்பீங்களா?”

ஆறுமுகசாமி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “நூறு டாக்டரு வந்து சொல்லியிருந்தாலும் உன்னத்தான் கட்டியிருப்பேன் புள்ள. ஒருத்தன் பேச்சையும் கேட்டிருக்க மாட்டேன். அதனாலதான் பட்டம் கட்டறவன் மாட்டேங்கணும். அன்னிக்கு நம்மூட்டுல அப்பிடியொரு போக்கிரி இல்லாமப் போயிட்டான்.”

அவள் ரூபாவின் இடது தொடையைத் துடைத்தாள், ஊசி போட்டாள், ஹத்து வரைக்கும் எண்ணி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு, “அப்பிடியொருத்தன் இருந்திருந்தா இவளும் இருந்திருக்க மாட்டா” என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு அணுக்களை எண்ணத்தான் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் ஃப்ரிட்ஜில் ஐந்து குப்பி இருந்தது. செவ்வாய்க்கிழமை நாலு, புதன்கிழமை மூன்று. என் மனைவி அந்தத் தட்டைப் பார்க்காமல் கதவைத் திறந்து மூடப் பழகிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஒன்றே ஒன்று மிச்சம், அதுவும் அன்று சாயங்காலத்தோடு சரி. கொள்ளேகாலில் போன் இருக்கிற கடைக்கு ஆறுமுகசாமி இரண்டு தடவை போன் செய்தான். முரளி ஊரில் இல்லை என்றார்கள்.

சனிக்கிழமை வயிற்று வலி என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டு மதியமே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். நானும் போனேன். இரண்டு மணி பெங்களூர் பஸ்ஸில் முரளி இல்லை. மூன்று மணி பஸ்ஸிலும் இல்லை. ஆறுமுகசாமி சாமியையும் விடவில்லை, பஸ் கம்பெனியையும் விடவில்லை, எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு வந்த பஸ்ஸில் கடைசி ஆளாக முரளி இறங்கினான். தோளில் அந்தச் சிவப்பு ஃப்ளாஸ்க் தொங்கியது. எங்களை அவன் பார்த்தான். ஒரு வார்த்தை பேசாமல் எங்களைத் தாண்டி நடந்து போய் ஆட்டோ ஏறினான். ஆறுமுகசாமி பஸ் ஸ்டாண்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அத்தனை பேர் பார்க்க அழுதான். பக்கத்தில் கடலை விற்ற அம்மாள், யார் போய்விட்டார்கள் என்று என்னைக் கன்னடத்தில் விசாரித்தாள். யாரும் போகவில்லை, வந்துவிட்டார்கள் என்றேன்.

நாங்கள் வீடு வந்தபோது முரளி குப்பிகளைத் தட்டில் அடுக்கிவிட்டு, ஃப்ளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். ரூபா அவன் மடியில் இருந்தாள். ஆறுமுகசாமி உள்ளே வரவில்லை. ஒரு காலைக் காம்பவுண்டுச் சுவரில் ஊன்றிக்கொண்டு சைக்கிளிலேயே உட்கார்ந்திருந்தான். தம்பி கிளம்பிப் போன பிறகுதான் இறங்கினான்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் இதுதான் நடந்தது. முரளி ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆறுமுகசாமி டீ நேரத்தில் வந்து, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமல், சுவரில் கால் ஊன்றி, திறந்திருக்கிற கதவு வழியாகத் தம்பியைப் பார்த்துவிட்டுப் போவான். வாயாடிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வினிதாவுக்கு ஹனூரில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை அமைந்தது. ஆறுமுகசாமி அழைப்பில்லாமலே போய்ப் பட்டம் கட்டினான். அவள் கட்ட விட்டாள், கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். முரளிக்குக் குண்டலுபேட்டையில், எந்த வகையிலும் சொந்தமில்லாத பெண். அந்தக் கல்யாணப் பத்திரிகை ஆறுமுகசாமி வீட்டுக்குத் தபாலில் வந்தது, உறையின் மேல் ‘செல்வி ரூபா’ என்று மட்டும் எழுதியிருந்தது. செல்வி ரூபா அப்பா அம்மாவைத் துணைக்குக் கூட்டிப் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

ரூபாவுக்கு வேலூரில் மஜ்ஜை மாற்றலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. பொருந்துகிற கூடப் பிறந்தவர் வேண்டும். நாலில் ஒன்று என்கிற சீட்டை மறுபடி கிழிக்க இருவருக்கும் தைரியம் வரவில்லை. வருஷக் கணக்கில் ஊசி போட்டால் சிலருக்குப் பின்னால் ரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்றும் டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். எலும்பு வலிக்கிறது என்று ரூபா சில நாள் அழுவாள். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம் போகிறாள், அப்பாவைப் போலவே யாரும் கேட்காமல் பேசுகிறாள்.

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, முரளி ஃப்ளாஸ்க்கோடு தன் பெண்டாட்டியையும் ஆறு மாசப் பையனையும் லேபுக்குக் கூட்டி வந்தான். பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், காதுக்குப் பின்னால் சிவந்திருந்தது. முரளியின் முகத்தில் ரத்தமே இல்லை. வெளி ஆளைக் கட்டியும் பயம் விடவில்லை பாருங்கள், ஃப்ளாஸ்க் தூக்கின தோள் அது. அங்கேயே உட்கார வைத்துவிட்டு ஸ்லைடு போட்டேன். நூறு எண்ணினேன். வயல் நிறைய நெல் மாதிரி நியூட்ரோஃபில். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணக் கொப்புளம். எழுதிக் கொடுத்தேன், ஐயாயிரத்து இருநூறு.

முரளி அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். குப்பிகளை அடுக்கினான், ஃப்ளாஸ்க்கைக் கழுவினான். வாசலில் வழக்கம்போல ஆறுமுகசாமி, சுவரில் ஒரு கால். முரளி நேராக வெளியே போய் அந்தக் காகிதத்தை நீட்டினான். ஆறுமுகசாமிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தத் தாளில் எந்த வரியில் எந்த எண் இருக்கும் என்று ஏழு வருஷமாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தான். ரூபா சைக்கிள் பாரில் ஏறி எட்டிப் பார்த்தாள்.

“அஞ்சாயிரமா?” என்றாள். “ஊசி போடாமயேவா?”

அவள் குரலில் இருந்தது வெறும் பொறாமைதான், பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பெண் அதிக மார்க் வாங்கினால் வருகிற பொறாமை. சொர்ணலதா வாசல்படியில் நின்றபடி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

முரளி குனிந்து ரூபாவின் தலையில் கை வைத்தான். “ஆமா கண்ணு, ஊசி போடாமத்தான்” என்றான். பிறகு, அவளிடமே, “அது உங்கப்பன் வாங்கிக் குடுத்த மார்க்கு” என்றான்.

ஆறுமுகசாமி சைக்கிளிலிருந்து இறங்கினான், மகளை இறக்கிவிட்டான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சனிக்கிழமையன்று எங்கள் வாசலில் அந்தச் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, தம்பிக்குப் பின்னால் உள்ளே வந்தான்.